அந்த டீ ரூமை இடிக்காதீர்கள்: சபையின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர்களே,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் நான்காம் பக்கத்தில், மண்டபத்துக்கு வெள்ளையடித்த செலவுக்கும் புது ஒலிபெருக்கி வாங்கப் போகும் செலவுக்கும் நடுவில் இரண்டு வரி இருந்தது. பழைய நெடுஞ்சாலையில் சபைக்குச் சொந்தமான "பாழடைந்த, பயன்பாட்டில் இல்லாத கட்டடத்தை" இடித்து, மனையைப் பெட்ரோல் கராஜ் கட்டுகிற ஒருவருக்கு விற்க முடிவு செய்திருக்கிறீர்கள் என்று. எந்தக் கட்டடம் என்றுகூட அதில் போடவில்லை. அது நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடையாக இருந்த நம் பழைய டீ ரூம்தான் என்று எனக்குப் புரிந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எழுந்தேன். 3 நிமிடம் கொடுத்தீர்கள். ஆங்கிலத்தில் பேசினேன். விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால் இப்போது தமிழில் எழுதுகிறேன். உங்களில் மூன்று பேருக்காவது தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு அவர்கள் படித்துக் காட்டட்டும். தமிழில் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நான் 1962-இல் பிறந்தவள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தேன். ஒவ்வொரு ஜூலை விடுமுறைக்கும் நாங்கள் ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். அப்பாவின் பெஜோ 404. முன்னால் அப்பா, அம்மா, அம்மா மடியில் தம்பி. பின்னால் ஆயா (பாட்டி), அக்கா, நான், காலடியில் ஊறுகாய் ஜாடிகள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம்.

வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித் வழியாகப் போவதுதான் நேர் வழி. அப்பா அந்த வழியைத் தொடவே மாட்டார். அது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக்குள் போகிற சாலை. அங்கே இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891-இல் போட்ட சட்டம் 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. கடந்து போகலாம், தங்க முடியாது. வண்டி பழுதாகி, இரவாகிவிட்டால், நான்கு பெண்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த ஒரு பயத்துக்காகவே லேடிஸ்மித், நியூகாசில், லெயிங்ஸ் நெக், ஃபோல்க்ஸ்ரஸ்ட், ஸ்டாண்டர்டன் என்று சுற்றிக்கொண்டு போவோம். அப்படியும் நிம்மதி கிடையாது. 1975 வரை டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்திலிருந்து ஜோஹானஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போக இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வண்டி ஓட்டும்போதே ஒரு கையால் அடிக்கடி அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

சாப்பாடு காரிலேயே இருக்கும். ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, அவித்த முட்டை, ஃபிளாஸ்கில் டீ. இன்று பிள்ளைகள் இதைக் கேட்டால் "பிக்னிக்" என்று நினைக்கிறார்கள். எந்தக் கடைக்குள்ளும் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பதால் கட்டிக்கொண்டு போன சோறு அது. 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் உணவகம், கழிப்பறை, காத்திருக்கும் அறை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரிக்க அனுமதித்தது. பிரித்துக் கொடுப்பது சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். 1990-இல்தான் அது நீக்கப்பட்டது. எனக்கு அப்போது 28 வயது.

சாப்பாட்டைக்கூடக் கட்டிக்கொண்டு போய்விடலாம். கழிப்பறைக்கு என்ன செய்வது?

அம்மா காரில் எப்போதும் ஒரு பழைய பச்சைச் சேலை வைத்திருப்பார். உடுத்துவதற்கில்லை. சாலையோரம் வண்டி நிற்கும். ஜூலை மாதம், வடக்கு நேட்டாலில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அம்மாவும் ஆயாவும் ஆளுக்கொரு முனையாகச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் அக்காவும் நானும். லாரி போனால் சேலை காற்றில் தூக்கும், ஆயா வேகமாகக் குனிந்து கீழ் விளிம்பைக் காலால் மிதித்துக்கொள்வார். எங்கள் முறை முடிந்த பிறகு அம்மா போவார். அப்போது சேலையின் மறு முனையைப் பிடிப்பது அக்காவின் வேலை. அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல், எஞ்சினைப் பார்ப்பது போல மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச தூரத்துக்கு முன்னால்தான் பெட்ரோல் போட்டிருப்போம். அந்தக் கராஜில் இரண்டு கழிப்பறைகள் இருக்கும். பெட்ரோலுக்கு எங்களிடம் முழுக் காசு வாங்கிக்கொள்வார்கள். அதன் கதவு எங்களுக்குத் திறக்காது.

இப்போது அந்த டீ ரூமுக்கு வருகிறேன்.

நியூகாசில் தாண்டி, லெயிங்ஸ் நெக் மேடு ஏறுவதற்கு முன்னால், இடது பக்கம். தகரக் கூரை, சிவப்புச் சிமெண்டுத் திண்ணை, இரண்டு ஜன்னல். வண்டி நின்றதும் அம்மா முதலில் கேட்பது சோற்றை இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் சாவி தொங்கும். மோர் கடைகிற பழைய மத்தின் கழுத்தில் அந்தச் சாவியைக் கட்டி வைத்திருந்தார்கள், யாரும் மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று. நாங்கள் உள்ளே நுழைந்ததும் கடைக்கார ஆயா ஒன்றும் கேட்காமல் மத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுவார். பின்புறம் ஓடு வேய்ந்த சின்னக் கழிப்பறை. உள்ளே தாழ்ப்பாள் இருக்கும். வாளியில் தண்ணீர், ஒரு துண்டு லைஃபாய் சோப்பு. அம்மா திரும்பி வரும்போது முகம் கழுவி, பொட்டு சரிசெய்து, வேறு ஆளாக வருவார். மணிக்கணக்கில் காரில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்த அம்மா, அங்கே வந்துதான் முதல் முறையாகச் சிரிப்பார்.

அப்புறம் உட்காருவோம். நாற்காலியில். மேஜைக்கு முன்னால். குடும்பம் மொத்தமும், பட்டப்பகலில், சாலையைப் பார்த்துக்கொண்டு. நான் இந்த மடலை எழுதுவதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் வரை நாங்கள் போன அந்த நீண்ட சாலையில் என் அப்பா தன் மனைவி மக்களோடு நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு டீ கொண்டு வாங்க" என்று சொல்ல முடிந்த இடம் அது ஒன்றுதான்.

எனாமல் தட்டில் சுடுசோறு, சுகர் பீன்ஸ் கறி, மாங்காய் ஊறுகாய். செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளில் ஆட்டுக்கறியும் இருக்கும். புரட்டாசியில் கவிச்சியே அடுப்பேறாது. அவசரமாகப் போகிற லாரிக்காரர்களுக்குக் கால் ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றிய பன்னி சாவ். டீயில் கண்டென்ஸ்டு மில்க். தம்பிக்குப் பால் காய்ச்சித் தரச் சொன்னால் கடைக்கார ஆயா தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் தருவார். சமையலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன். எங்கள் ஆயா அதைவிட நன்றாகச் சமைப்பார். நாங்கள் ருசிக்காக அங்கே நிற்கவில்லை.

சுவரில் ஒரு தகரப் பலகை இருந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து, கையால் எழுதியது: "வாருங்கள், உட்காருங்கள்." நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள் இல்லை. எங்களுக்கு அங்கே ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும்தான். அந்தப் பலகையைக் காட்டித்தான் அம்மா எனக்கு முதல் எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்தார். சோறு வருகிறவரை மேஜை மேல் சிந்திய தண்ணீரை விரலால் தொட்டு "உ" போடுவேன். வரும் ஜூலையில் "ட்" கற்றுக்கொள்வேன். "உட்காருங்கள்" என்பதுதான் நான் முழுதாக எழுதப் படிக்கக் கற்ற முதல் சொல். பிறகு 30 வருடம் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், உங்கள் பிள்ளைகள் சிலருக்கும். இதைத் தமிழில் எழுதுவதற்கு நான் சொன்ன இன்னொரு காரணம் இதுதான்.

இந்த ஏப்ரலில் ஈஸ்டர் முடிந்து மகனோடு ஜோஹானஸ்பர்க் போனேன். போகிற வழியில் அந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டேன். என்-3 நெடுஞ்சாலையை விட்டு லேடிஸ்மித்தில் என்-11 பிடித்தோம். நிலக்கரி லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக. சாலை அகலமாகியிருக்கிறது, ஆனால் அந்த மேடும் மலையும் அப்படியே. கட்டடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன்.

தெற்குப் பக்கம் கூரைத் தகரம் இரண்டு கிளம்பிக் கிடக்கிறது. ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதன் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். கல்லா அப்படியே இருக்கிறது. நான்கு மேஜைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பலகை ஓர் ஆணி கழன்று சாய்ந்து தொங்குகிறது, எழுத்து போகவில்லை. மழை ஒழுகிய தடம் சுவரில் அந்தப் பலகையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த மழைக்காலம் தாங்காது. ஆனால் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. என் மகன் கட்டடப் பொறியாளன்; சுற்றிப் பார்த்துவிட்டு, கூரையை மாற்றினால் போதும், அஸ்திவாரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றான். "பாழடைந்த" என்று எழுதியவர் யார்? உங்களில் ஒருவராவது கடந்த எட்டு வருடத்தில் அங்கே போய்ப் பார்த்தீர்களா? எட்டு வருடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியாக அங்கே கடை நடத்தியவர் கூரையைச் சரிசெய்து தரச் சொல்லி உங்களிடம் கேட்டு, பதில் வராமல் காலி செய்து போய் அத்தனை காலம் ஆகிறது. பயன்பாட்டில் இல்லாத கட்டடம் என்கிறீர்களே, அதைப் பூட்டி வைத்தவர்கள் நீங்கள்தான்.

பூட்டிய கதவுக்கு முன்னால், அதே சிவப்புத் திண்ணையில், ஒரு ஜூலு அம்மா கேஸ் அடுப்பு வைத்து அமக்வின்யா என்கிற மாவு உருண்டைகளைப் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோகோ (பாட்டி) என்று கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த ஜூலுவில் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் இங்கே வந்து சாப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஜன்னலைக் கையால் காட்டினார். "என் அப்பா அங்கே நின்று வாங்குவார்" என்றார்.

அந்த ஜன்னல் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சுரங்கத்தில் வேலை செய்த ஆப்பிரிக்கர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கும் அதே ரொட்டி, அதே கறி, அதே விலை. ஆனால் உள்ளே வந்து உட்கார முடியாது. "வாருங்கள், உட்காருங்கள்" என்ற பலகை அவர்களுக்கு எழுதியதில்லை. சட்டம் அப்படி என்று சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. நம் பெரியவர்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடும்போது அந்த ஜன்னலை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கவில்லை. இதை மறைத்துவிட்டு அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வேண்டியது மேஜையும் ஜன்னலும் இரண்டும் அப்படியே நிற்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காலம் விளங்கும்.

அந்தச் சாலையைப் பற்றியும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1913 அக்டோபரில் நியூகாசில் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களை வெளியே வரச் சொல்லிப் பேசியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து போன பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நியூகாசிலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையோரம் இருந்த சார்ல்ஸ்டவுன் வரை 36 மைல் நடந்தார்கள். நவம்பர் 6 அன்று காந்தியோடு எல்லையைத் தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அந்த நடையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும்தான் சாப்பாடு. அடுத்த வருடம் அந்த வரி நீங்கியது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் படத்துக்கு நம் சபையில் வருடம் தவறாமல் மாலை போடுகிறோம். அந்தச் சாலையில் நம் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே கட்டடத்தைக் கராஜுக்குக் கொடுக்க அதே சபையின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டும் ஒரே மேஜையில் நடக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் 1893 ஜூன் 7 அன்று ஒரு மனிதரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து விருந்தாளி வந்தால் நாமே அங்கே அழைத்துப் போகிறோம். இறக்கிவிட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிற நாம், உட்காரவைத்த இடத்தை ஏன் புல்டோசருக்குக் கொடுக்க வேண்டும்?

இப்போது சட்டம். 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. கட்டடம் அவ்வளவு பழையதில்லை என்று உங்கள் செயலாளர் கூட்டத்தில் சொன்னார். என் அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதிதில் அந்தத் திண்ணையில் நின்று எடுத்த புகைப்படம் என்னிடம் இருக்கிறது. பின்னால் ஸ்டூடியோ முத்திரை, 1958. கதவும் ஜன்னல்களும் இன்று இருக்கிற அதே இடத்தில் இருக்கின்றன. அனுமதி கேட்டு விண்ணப்பித்தீர்களா என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்துக்கு மேல் ஒரு வாக்கும் இருக்கிறது. டீ ரூம் நடத்திய தாத்தா, ஆயா இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. மனையைச் சபைக்கு எழுதி வைத்தார்கள். அந்த உயிலை 1996 கூட்டத்தில் வாசித்தபோது என் அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கட்டடத்தின் முன்பகுதியில் வழிப்போக்கருக்குச் சோறும் டீயும் என்றைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒரு வாசகம். கை தட்டி ஏற்றுக்கொண்டோம். அப்போது ஏற்றுக்கொண்ட சபைதான் இப்போதும் இருக்கிறது. ஆட்கள் மாறியதால் வாக்கு மாறிவிடாது.

மண்டபத்துக்குப் பணம் வேண்டும் என்கிறீர்கள். சரி, வேண்டும்தான். அந்த மனை முழுதும் கட்டடம் இல்லையே. பின்பக்கம் சாலையைத் தொடுகிற காலி நிலம் கட்டடத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. லாரி நிறுத்த இடம் தேடி ஓட்டுநர்கள் சாலையோரம் நிற்பதை நானே பார்த்தேன். அந்த நிலத்தை வாடகைக்கு விட்டால் மாதா மாதம் பணம் வரும். விற்றால் ஒரு முறை வரும், இரண்டு வருடத்தில் தீர்ந்தும் போகும். இந்தக் கணக்கை நிர்வாகக் குழுவில் யாராவது போட்டுப் பார்த்தீர்களா? போட்டிருந்தால் அதை உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள்.

நான் கேட்பது இவைதான்.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு, யாரிடம் என்பதை உறுப்பினர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மாகாண மரபுரிமை அமைப்புக்கு இந்த மாதத்துக்குள் கடிதம் எழுதி, கட்டடத்தின் வயதையும் வரலாற்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இடிக்க அனுமதி கேட்டு எழுதும் கடிதமாக அது இருக்கக் கூடாது, பாதுகாக்கக் கேட்கும் கடிதமாக இருக்க வேண்டும். என் புகைப்படத்தின் நகலையும் எங்கள் குடும்பத்தின் வாக்குமூலத்தையும் தருகிறேன். அதே சாலையில் போன இன்னும் ஒன்பது குடும்பங்கள் எழுதித் தரத் தயாராக இருக்கின்றன. லெனேசியாவில் மூன்று, பிரிட்டோரியா பக்கத்து லாடியத்தில் ஒன்று, மீதி இங்கே டர்பனில்.

அக்டோபரில் மழை தொடங்கும். அதற்குள் தெற்குப் பக்கத்துத் தகரங்களை மாற்றி, உடைந்த ஜன்னலை அடைத்துவிடுங்கள். இதற்குத் தீர்மானம், ஒத்திவைப்பு எதுவும் வேண்டாம். பராமரிப்புச் செலவு உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். பணம் இல்லை என்றால் சொல்லுங்கள், தகரத்துக்கு நாங்கள் வசூல் செய்து தருகிறோம். என் மகன் கூலி வாங்காமல் மேற்பார்வை பார்ப்பான்.

உள்ளே இருக்கும் மேஜை, கல்லா, பலகை எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். மத்தோடு கட்டிய சாவி எங்கே என்று கடைசியாகக் கடை நடத்தியவரிடம் கேளுங்கள். பலகையை மட்டும் இப்போதே கழற்றி நனையாத இடத்தில் வையுங்கள், கூரை சரியானதும் அதே ஆணியில் மாட்டுங்கள். 1996-இன் அரசியல் சட்டம் இந்த நாட்டில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த நெடுஞ்சாலையில் நான் பார்த்த ஒரே தமிழ்ப் பலகை அது.

முன்பகுதியை மறுபடி சாப்பாட்டுக் கடையாக வாடகைக்கு விடுங்கள். அதைக் கேட்கும் முதல் உரிமை திண்ணையில் அமக்வின்யா விற்கும் அந்த அம்மாவுக்கு இருக்கட்டும். நான் கேட்டேன், நியாயமான வாடகை என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் உள்ளே அடுப்பு வைக்கட்டும். பக்கவாட்டு ஜன்னலை அடைக்காமல் விடுங்கள், அது எதற்காக இருந்தது என்று ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் நான்கு வரி எழுதி அதன் அருகே மாட்டுங்கள். வாசகத்தை அவரோடும் அவர் குடும்பத்தோடும் உட்கார்ந்து எழுதுங்கள். கழிப்பறையைச் சரிசெய்து, யார் வந்து கேட்டாலும் சாவி கொடுக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

கடைசியாக, உயிலின் நகலை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட்டு, இதை மட்டும் பேச ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டுங்கள். 3 நிமிடம் போதாது. அம்மாவுக்கு இப்போது 88 வயது, அவரும் வருகிறேன் என்கிறார். அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
சபையின் 22 வருட உறுப்பினர்
சாட்ஸ்வர்த், டர்பன்